படியேறியவளின் இரத்தம்

கட்டில் மெல்ல நிமிர்ந்து நாற்காலியாக மாறியபோது உலகம்மை இன்னும் அரைத் தூக்கத்தில் இருந்தாள். காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் பதிந்திருந்த குருதிமணி இளஞ்சூடாகிப் பச்சையாக மினுங்கி, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது: "துருவெண் இருபத்து நான்கு. பச்சை. இனிய காலை."

பக்கத்துக் கட்டிலும் நிமிர்ந்தது. அவள் கணவன் வானமாமலை கண்ணைத் திறக்காமலே கேட்டான். "எனக்கு இருபத்தாறு. உனக்கு?"

"இருபத்துநாலு."

"எப்பவும் நீதான் ஜெயிக்க" என்று சிரித்துக்கொண்டே கைப்பிடியில் வந்து நின்ற குவளையை எடுத்தான். அதில் ஆரஞ்சு நிறக் காப்புப்பாகு இருந்தது. கசப்புத் தெரியாமலிருக்கப் பனங்கற்கண்டு சேர்த்திருப்பார்கள். தூத்துக்குடியின் கடலோரக் கோபுரங்களில் குடியிருந்த அத்தனை பேரும் அந்த வேளையில் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்து முடித்ததும் நாற்காலிகள் அவர்களைக் குளியலறைக்கும், சாப்பாட்டு மேசைக்கும், பிறகு மின்தூக்கிக்கும் உருட்டிக்கொண்டு போகும்.

நடக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. நடக்கத் தேவையில்லாதபடி ஊரைக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். வெயில் கொன்ற ஆண்டுகளில் தொடங்கியது அது. உப்பளத்திலும் சாலையிலும் வேலை செய்தவர்கள் சுருண்டு விழுந்தபோது மருத்துவர்கள் அவர்கள் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். சிதைந்த கொழுப்பின் துணுக்குகளும் உடைந்த புரதங்களும் அதில் மிதந்தன. உழைப்பு கூடக்கூட அந்தச் சிதைவும் கூடியது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். உப்புக் காற்றில் இரும்பு கரைவதைப் பார்த்தே வளர்ந்த ஊர், துரு என்று சொல்லிக்கொண்டது. அதன்பின் துருவை அடக்கக் காப்புப்பாகும், அதை அளக்க ஒவ்வொருவர் உடலிலும் குருதிமணியும் வந்தன. முப்பதுவரை பச்சை, அறுபதுவரை மஞ்சள். அறுபதைத் தாண்டினால் சிவப்பு. துருக்காப்பு வாரியத்துக்குத் தகவல் போகும். வாரியம் அமர்வாணை பிறப்பிக்கும். ஆணை முடியும்வரை நாற்காலியின் பட்டை இடுப்பை விட்டு அவிழாது.

உலகம்மை அந்த நாற்காலிகளை வடிவமைப்பவள். முதுகு வலிக்காத சாய்வு, தொடை மரக்காத மெத்தை, இதிலெல்லாம் அவள் கைக்கு ஊரில் நல்ல பெயர். அதை மதிக்காதவள் ஒருத்திதான், அவள் கணவனின் அக்காள் ஆவுடை. துறைமுகத்தின் வழிகாட்டு மையத்தில் உட்கார்ந்து, ஆளில்லாக் கப்பல்களைத் தன் குரலாலேயே கரைக்குக் கொண்டுவருகிறவள். "உக்காருததுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு வேலை" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். இருபது ஆண்டுகளாகியும் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவில்லை.

அந்த ஆவுடை இப்போது மருத்துவமனையில் கிடந்தாள். ஒரு கிருமிக் காய்ச்சல் ஈரலைத் தின்றுவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஈரலை அவள் உடல் இரண்டு முறை தள்ளிவிட்டது. இனி உயிரோடிருக்கும் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தால்தான் உண்டு. வெட்டிய ஈரல் இருவரிடத்தும் வளர்ந்துவிடும். ஆனால் கொடுப்பவர் முதலில் தாங்குசோதனையில் தேற வேண்டும்.

சோதனை எளிமையானது. கையில் பட்டை கட்டிக் கொஞ்ச நேரம் இரத்தத்தை நிறுத்துவார்கள். பிறகு திறந்து விடுவார்கள். நின்ற இரத்தம் பாயும்போது துரு பொங்கும். அறுவையின்போது உடலுக்குள் நடப்பதும் அதுதான், பல மடங்கு பெரிதாக. ஒரு மணி நேரத்துக்குள் எண் முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த உடல் தாங்கும். மருத்துவர் முன்னிலையில் ஏறும் எண்ணுக்கு அமர்வாணை கிடையாது.

வானமாமலைக்கு எழுபதுக்கு ஏறி, மாலைவரை இறங்கவேயில்லை. நடுக்கம் கண்டு இரண்டு நாள் படுத்துவிட்டான். "கூடப் பொறந்தவளுக்குக் கொடுக்க ஒடம்புல வலுவில்லையே உலகு" என்று அழுதான். மறுநாள் அவனிடம் சொல்லாமலே உலகம்மை போய்த் தன் கையை நீட்டினாள். இரத்த வகையும் திசுவும் பொருந்தின. எண் அறுபத்தாறுக்குப் போய், மதியச் சாப்பாட்டு வேளை கடந்த பிறகே இறங்கியது.

"வருத்தப்படாதீங்க" என்றார் டாக்டர் பியூலா ஞானதீபம். "பல வருசமா இந்த ஊர்ல ஒருத்தரும் இதுல தேறல."

"முன்னாடி தேறுனாங்கதான? அப்ப ஈரல் கொடுத்தாங்க, கிட்னி கொடுத்தாங்க. அவங்க ஒடம்பு மட்டும் எப்படித் தாங்குச்சு?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஓடுனா, ஏறுனா துரு கூடும். அது நெசம். ஆனா அந்தத் துருதான் உள்ள தூங்குற காவல்காரங்கள எழுப்பி விடுது. நம்ம ஒடம்பே செய்யுற நொதிகளச் சொல்லுதேன். தினம் கொஞ்சம் எழுப்பி, ராத்திரி ஓய்வு கொடுத்தா, சில மாசத்துல அவங்க பலத்துப் போவாங்க. அப்புறம் பெரிய அடி வந்தாலும் சமாளிப்பாங்க. நாம வெளிய இருந்து பாகை ஊத்தி ஊத்தி அவங்களுக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டோம்."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"செய்யச் சொல்ல எனக்கு அனுமதி கெடையாதும்மா. நீங்க கேட்டீங்க, நான் தெரிஞ்சதச் சொன்னேன்."

"மதினிக்கு எவ்வளவு காலம் இருக்கு?"

"வடிகட்டும் இயந்திரத்த வச்சு ஏழெட்டு மாசம் ஓட்டிப் பாக்கலாம்."

ஒவ்வொரு கோபுரத்திலும் தீ விபத்துக்கென்று ஒரு படிக்கட்டு உண்டு. கதவைப் பூட்டக் கூடாது என்பது பழைய சட்டம். யாரும் அதற்குள் போனதில்லை. அடுத்த நாள் ஊரே மதிய ஓய்வில் இருந்தபோது உலகம்மை தரைத்தளத்தில் அந்தக் கதவைத் தள்ளித் திறந்தாள். நாற்காலியை வெளியே விட்டுவிட்டுக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள்.

முதல் தளம்வரை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தளத்தில் மூச்சு சத்தமாக வந்தது. அதற்கு மேலே எட்டுப் பத்துப் படி போனதும் கீழே யாரோ கதவைத் தட்டுவது போலிருந்தது. பயந்து நின்று குனிந்து பார்த்தாள். யாருமில்லை. தட்டியது அவள் நெஞ்சுதான். "நாற்பத்தொன்பது, மஞ்சள், உட்காருங்கள்" என்றது குருதிமணி. உட்கார்ந்தாள். வாய் உலர்ந்து, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. இதற்கா ஒருவர் உயிரைக் காப்பாற்றும் வலு என்று பெயர் என அவளுக்கே தோன்றிவிட்டது.

மறுநாள் எழுந்தபோது தொடையிரண்டும் வலித்தன. காலில் வலி என்பதை அவள் அதுவரை அறிந்ததில்லை. ஆயிரக்கணக்கான தொடைகளுக்கு மெத்தை செய்தவள், தனக்கும் அப்படி ஒன்று இருப்பதை நாற்பத்து நாலு வயதில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வானமாமலை கண்டுபிடித்துவிட்டான். "பாகு அப்படியே இருக்கு. என்ன விசயம்?"

மறைக்காமல் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. "ஏட்டி, நீயும் விழுந்துட்டேன்னா நான் யார வச்சுப் பொழைக்க?"

"விழ மாட்டேன். மூச்சு முட்டுனா உக்காந்துக்கிடுதேன். மதினிகிட்ட மட்டும் வாயத் தொறக்காதீங்க. தெரிஞ்சா வேண்டாம்னுருவாங்க."

மதியம் அவள் கதவைத் திறந்தபோது அவன் பின்னாலேயே வந்து, தன் நாற்காலியைக் கதவருகே நிறுத்திக் காவல் இருந்தான். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. அவள் இறங்கி வரும்போது தண்ணீர்க் குவளையை நீட்டுவான். "இன்னைக்கு எது வரைக்கும்?" என்பான். அவள் சொன்ன தளத்தின் எண்ணைக் கேட்டு, தானே ஏறிவந்தது போல மூச்சு விடுவான்.

ஐந்தாவது தளம் ஒரு மாதத்தில் கைவசமானது. பிறகு பத்து. அதற்கு மேலே சுவரில் ஒரு கை அகலத்துக்குச் சன்னல்கள் இருந்தன. உப்பளங்கள் கண்ணாடி பதித்தது போல மின்னுவதை அங்கே நின்று பார்ப்பாள். இன்னும் மேலே போனால் கடல். அதற்கும் மேலே கடலில் கிடந்த தீவுகள். இருபத்தைந்தாவது தளத்தில் எண் ஐம்பதைத் தொடும், ஆனால் கீழே வந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பச்சைக்கு வந்துவிடும். காலை எண்ணும் மாறிக்கொண்டே வந்தது. பத்தொன்பது. பதினைந்து. ஒரு நாள் அவள் "பதினொன்று" என்றபோது குருதிமணி பழுதோ என்று வானமாமலை அவள் தோளில் தட்டிப் பார்த்தான்.

ஏழாம் மாதம் அவள் மொட்டை மாடியைத் தொட்டாள். நாற்பது தளமும் ஏறி, துருப்பிடித்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தபோது கடல் காற்று முகத்தில் அடித்தது. சேலை படபடத்தது. உடம்பெல்லாம் வேர்வை. அந்த உயரத்துக்குத் தன் காலாலேயே வந்தவர் இந்த ஊரில் இப்போது வேறு யாரும் இல்லை என்று நினைத்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடலைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். சின்னப் பிள்ளைபோல இன்னொரு சத்தமும் போட்டாள்.

"அறுபத்தொன்று. சிவப்பு. வாரியத்துக்குத் தகவல் சென்றுவிட்டது" என்றது குருதிமணி.

கீழே வந்தபோது வாரியத்தின் பூட்டு நாற்காலி காத்துக்கொண்டிருந்தது. நாற்பது நாள் அமர்வாணை. அவள் வடிவமைத்த நாற்காலிதான். இடுப்புப் பட்டை உறுத்தாமலிருக்க உள்ளே பஞ்சு வைத்ததும் அவளே. டாக்டர் பியூலாவின் குரல் தொலைபேசியில் தளர்ந்திருந்தது. "உங்க மதினிக்கு அவ்வளவு நாள் இல்லம்மா. மேல்முறையீடு போடுங்க, உடனே."

வாரியத்தின் விசாரணைக் கூடத்துக்குக் கேள்விப்பட்டவர்களெல்லாம் வந்திருந்தார்கள். படியேறிய பெண் எப்படி இருப்பாள் என்று பார்க்கும் ஆசை. அலுவலர் மீரான் வயதானவர், குரலை உயர்த்தாதவர். சுவரில் அவளுடைய துருவெண் கோடு ஓடியது. ஒவ்வொரு நாளும் மதியம் குத்தி எழுந்து, இறங்கி, மறுபடி குத்தி எழுந்தது.

"அமர்வாணை தண்டனை இல்லம்மா, பராமரிப்பு" என்றார் மீரான். "இந்தக் கோட்டுல நிக்கிற ஒவ்வொரு முள்ளும் ஒரு காயம். எங்க வாப்பா உப்பளத்துல வேலை செஞ்சாங்க. ஒரு கோடையில காலையில நடந்து போனவங்களச் சாயங்காலம் தூக்கிக்கிட்டு வந்தாங்க. அவங்க ரத்தப் பரிசோதனையப் பாத்துட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். உங்களுக்கு அப்படி ஆக நான் விட முடியாது."

உலகம்மைக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கோ போய்விட்டது.

"உங்க வாப்பா காலையில இருந்து பொழுதடையிற வரைக்கும் வெயில்ல நின்னாங்க. மறுநாளும் நின்னாங்க. நான் நெழல்ல ஏறுனேன். மூச்சு முட்டுனா உக்காந்தேன். தண்ணி குடிச்சேன், தூங்குனேன், மறுநாள்தான் திரும்ப ஏறுனேன். அந்த ஓய்வ உங்க வாப்பாவுக்கு யாரும் கொடுக்கலீங்க. அவங்களக் கொன்னது ஒழைப்பு இல்ல, ஓய்வில்லாத ஒழைப்பு."

மீரானின் கண் கோட்டிலேயே இருந்தது.

"முள்ளையே பாக்குதீங்க. அடியப் பாருங்க. தினம் காலையில எந்திரிச்ச ஒடனே வந்த எண்ண மட்டும் போடச் சொல்லுங்க."

அவர் கையசைத்தார். முட்கள் மறைந்தன. அடியில் மிஞ்சிய கோடு இருபத்து நான்கில் தொடங்கி, சரிவான பாதை போல நிதானமாக இறங்கிப் பதினொன்றில் வந்து நின்றது. கூடத்தில் இருந்தவர்கள் தங்கள் காறையெலும்பைத் தொட்டுக்கொண்டார்கள். அத்தனை சின்ன எண் அங்கே யாருக்கும் இல்லை. மீரானுக்கும் இல்லை.

"இது ஒரு ஆளோட கோடு. இத வச்சு ஊருக்கு விதி எழுத முடியாது" என்றார் அவர், தனக்கே சொல்வது போல.

"ஊருக்கு வேண்டாம். எனக்கு மட்டும் தாங்குசோதனை வையுங்க. இங்கயே, இப்பவே."

டாக்டர் பியூலா பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கூடத்தின் கதவு திறந்தது. மருத்துவமனை நாற்காலி ஒன்று வேகமாக உருண்டு வந்தது. கண்ணும் தோலும் மஞ்சளாகி, பாதியாக இளைத்திருந்த ஆவுடை அதில் இருந்தாள். குரல் மட்டும் இளைக்கவில்லை.

"யாரக் கேட்டு இந்த வேலை பாத்த?"

"யாரையும் கேக்கல மதினி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேண்டாம்பீங்க."

"வேண்டாம்னுதான் சொல்லுவேன்! எனக்காக நீ ஏன்டி ஒடம்பத் துருவாக்கணும்? நான் உனக்கு என்ன செஞ்சேன்? ஒரு நல்ல வார்த்த பேசியிருப்பனா?"

உலகம்மையின் கை மரத்துக்கொண்டிருந்தது. "அத அப்புறம் பேசுங்க மதினி. நீங்க இருந்தாத்தான பேச முடியும்?"

ஆவுடைக்கு வாயடைத்துப் போயிற்று. அப்படி ஒன்று நடந்ததை வானமாமலை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தான்.

பட்டை அவிழ்ந்தது. தடைபட்ட இரத்தம் கைக்குள் சீறிக்கொண்டு பாய்ந்தது. சுவரில் எண் ஏறியது. முப்பது, நாற்பது, நாற்பத்தாறு. உலகம்மை கண்ணை மூடி, படியில் உட்கார்ந்து இளைப்பாறும்போது விடுவது போல நிதானமாக மூச்சு விட்டாள். நாற்பத்தாறில் எண் தயங்கியது. பிறகு நாற்பத்தைந்து. முப்பத்தெட்டு. முப்பத்தொன்று. சோதனைக்குக் கொடுத்த நேரத்தில் பாதி தீர்வதற்குள் பதினாலில் வந்து நின்றது.

ஆவுடை நாற்காலியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். துறைமுகத்தில் பேசும் குரலில் சொன்னாள்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க. இவ என் தம்பி பொண்டாட்டி."

அந்த நாலு வார்த்தைக்காகத்தான் நாற்பது தளம் ஏறினோமோ என்று உலகம்மைக்கு ஒரு கணம் தோன்றியது. கண்ணீர் வந்ததைத் துடைக்கவில்லை. ஒரு கையில் இரத்தம் இன்னும் குறுகுறுத்துக்கொண்டிருந்தது, இன்னொரு கை வானமாமலையின் பிடியில் இருந்தது.

மீரான் அறுவை முடியும்வரை அமர்வாணையை நிறுத்திவைத்தார். பூட்டைத் தன் கையாலேயே திறந்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், "மேல எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"காத்து நல்லா வருதுங்க" என்றாள் அவள்.

அறுவையன்று அவளுடைய எண் தொண்ணூறைத் தாண்டியது. வெளியே இருந்த வானமாமலைக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் பொழுது விடிந்தபோது அவளுக்குப் பச்சை. ஆவுடைக்குத்தான் நாளானது. பத்து நாள் மஞ்சளும் சிவப்புமாக இழுத்தடித்தாள். ஆனால் உள்ளே வைத்த ஈரல் முதல் நாளிலிருந்தே வேலை செய்தது. "வந்த ஈரலு நல்லாப் பழகுன ஈரலு. அதோட காவல்காரங்க முழிச்சிக்கிட்டே வந்திருக்காங்க" என்றார் டாக்டர் பியூலா. அதைக் கேட்ட ஆவுடை, வயிற்றின் வலப்பக்கத்தை மெல்லத் தடவினாள். "பின்ன? யாரு ஈரலு!" என்றாள்.

வாரியம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதலில் மருத்துவர் அனுமதித்தவர்கள் ஏறலாம் என்றது. பிறகு காலை எண்ணையும் மதிய எண்ணையும் தனித்தனியாகச் சொல்லும்படி குருதிமணிகளை மாற்றியது. பாகு வேண்டாதவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு விதி வந்தது. அதில் மீரானின் கையெழுத்து இருந்தது. உலகம்மைக்கும் வேலை மாறியது. உட்கார்ந்தவர் எளிதாக எழுந்து நிற்க உதவும் நாற்காலி ஒன்றைச் செய்யச் சொன்னார்கள்.

தையல் காய்ந்து, டாக்டர் அனுமதித்த பிறகு ஒரு மதியம் அவள் மறுபடி படிக்கட்டுக் கதவைத் திறந்தாள். திறந்ததும் திகைத்து நின்றுவிட்டாள். அவளும் அவள் மூச்சும் மட்டுமே இருந்த இடம் அது. இப்போது கீழிருந்து மேல்வரை ஆட்கள். கம்பியைப் பிடித்து ஏறுகிறவர்கள், படியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவர்கள், இறங்கி வருகிறவர்கள். ஒவ்வொரு சட்டைக்குள்ளும் மஞ்சள் வெளிச்சம் மினுங்கியது. முதல் தளத்து வளைவில் வானமாமலை உட்கார்ந்திருந்தான். பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினான். அந்தச் சிரிப்பை அவள் அவனிடம் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

இரண்டாவது தளத்துக்கு மேலே ஆவுடை நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த கால்கள் நடுங்கின. உலகம்மை கையை நீட்டினாள்.

"தொடாத" என்றாள் ஆவுடை. "நான் ஏறிக்கிடுதேன்."

உலகம்மை கையை எடுத்துக்கொண்டு, இரண்டு படி கீழே நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். அவசரப்படுத்த யாருக்கும் மனமில்லை. ஆவுடை மூச்சை இழுத்துப் பிடித்து, கம்பியை இறுக்கி, அடுத்த படியில் காலை வைத்தாள்.